பெக்கோ வாங்குமுன்: நிறுவன வாரியாகப் பராமரிப்புச் செலவை மணித்தியாலக் கணக்கில் ஒப்பிடும் முறை

திருகோணமலையில் முதன்முறையாக, மண் தோண்டும் ஒரு பெக்கோ (எக்ஸ்கவேட்டர்) இயந்திரம் வாங்க முனைபவர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் "எந்தக் கம்பனி நல்லது?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நேரான விடை கிடையாது. புல்மோட்டைக் கரையோர மணலிலும், தம்பலகாமத்து வயற்சேற்றிலும், கல்லுடைக்கும் இடத்திலும் ஒரே இயந்திரம் மூன்று வெவ்வேறு செலவுகளை வைக்கும். எனவே, "நான் செய்யப்போகும் வேலையில், என் ஊரில், இந்த இயந்திரம் ஒரு மணித்தியாலம் ஓட எவ்வளவு பராமரிப்புச் செலவு பிடிக்கும்?" என்று கேட்பதே பொருத்தமானது. அந்த விடையை ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் கொண்டு நீங்களே கண்டறியலாம். லீசிங் எடுத்து ஒரேயொரு இயந்திரத்தை நம்பித் தொழில் தொடங்கும் ஒருவருக்கு, விலை பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதைவிட அவசியமான வேலை வேறில்லை என்பதே என் உறுதியான கருத்து.

முதற்படி: ஒரே வகுப்பையும் ஒரே காலத்தையும் தெரிவுசெய்தல்

இயந்திரத்தின் எடையை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில், 20 தொன் வகுப்பை எடுத்துக்கொள்வோம். கேட்டர்பில்லர் 320, கொமட்சு பிசி 200, ஹிட்டாச்சி இசட்எக்ஸ் 200, கொபெல்கோ எஸ்கே 200, ஹுண்டாய் ஆர் 210, சானி எஸ்ஒய் 215 ஆகியவை ஏறத்தாழ ஒரே வேலைக்குரியவை. இவற்றுள் ஒன்றை 13 தொன் இயந்திரத்துடன் ஒப்பிட்டால் வரும் விடை எதற்கும் உதவாது. காலத்தை ஆண்டுகளில் அளக்காமல் மணித்தியாலத்தில் அளக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் இங்கே மண் வேலை குறைந்துவிடுவதால், ஆண்டுக்கு 1,500 மணித்தியாலம் என்பது நிதானமான மதிப்பீடு. ஒப்பீட்டுக் காலத்தை 10,000 மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால், அது ஆறரை ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பாகும்.

இரண்டாம் படி: சேர்விஸ் அட்டவணையை எண்ணிக்கையாக மாற்றுதல்

ஒவ்வொரு மொடலுக்கும் உரிய இயக்கப் பராமரிப்புக் கைநூலில், எந்த ஓயிலை, எந்த ஃபில்டரை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கும். அந்த இடைவெளியால் 10,000ஐ வகுத்தால், மாற்ற வேண்டிய தடவைகள் கிடைக்கும். எஞ்சின் ஓயிலை 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றும் இயந்திரத்துக்கு 40 தடவையும், 500க்கு ஒருமுறை மாற்றும் இயந்திரத்துக்கு 20 தடவையும் வரும். ஒரு தடவைக்கு 25 லீற்றர் என்று கொண்டால், முதலாவது 1,000 லீற்றரும் இரண்டாவது 500 லீற்றரும் குடிக்கும். கையையும் பக்கெட்டையும் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ரோலிக் ஓயிலில் வித்தியாசம் இன்னும் பெரிது. சில மொடல்களில் 2,000 மணித்தியாலத்திலும், கொமட்சு பிசி 200-8 போன்றவற்றில் 5,000 மணித்தியாலத்திலும் மாற்றச் சொல்லப்படுகிறது. ஒரு தடவைக்கே நூறு லீற்றருக்கு மேல் தேவைப்படும் ஓயில் இது.

ஆனால் இந்த இடைவெளிகள் யாவும் நல்ல டீசலையும், உரிய தரத்து ஓயிலையும், தூசு குறைந்த வேலையிடத்தையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்டவை. டீசலில் கந்தகம் கூடினால் எஞ்சின் ஓயில் விரைவில் கெடும். பிரேக்கர் பூட்டிக் கல்லுடைத்தால் ஹைட்ரோலிக் ஓயிலும் ஃபில்டரும் மிக விரைவில் கெடும். கைநூலில் இதற்கெனக் குறுகிய இடைவெளி தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், உங்கள் கணக்கில் அதையே இடுங்கள்.

மூன்றாம் படி: செயின் பகுதிக்குத் தனிக் கணக்கு

செயின், எடையைத் தாங்கும் ரோலர், செயினை வழிநடத்தும் ஐட்லர், பற்களால் செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட், தரையைத் தொடும் சூ தகடுகள் ஆகிய அடிப்பகுதியே, செயினில் ஓடும் இயந்திரத்தின் மொத்தப் பராமரிப்புச் செலவில் பாதிவரை விழுங்கக்கூடியது. புதிதாக வருபவர்கள் ஃபில்டர் விலையைக் குடைந்து குடைந்து விசாரித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அடிப்பகுதியின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மண்ணும் ஓப்பரேட்டரும்தான். நிறுவனப் பெயர் அதன் பிறகுதான் வருகிறது. எஃகைத் தேய்க்கும் கடினம் குவார்ட்ஸ் மணலுக்கு உண்டு. புல்மோட்டை மணலில் இல்மனைட்டுடன் சேர்ந்து கிடைக்கும் சேர்கன் (சிர்கோன்) என்ற கனிமம் அதைவிடவும் கடினமானது. வயற்சேறு வேறு விதமாகக் கெடுக்கும். அது ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கிடையில் அடைபட்டு இறுகும்போது செயின் அளவுக்கு மீறி விறைத்து, செயின் பின்களைச் சுற்றியுள்ள புஷ்களையும் பற்களையும் அரைக்கும். ஆகவே ஒப்பிடும்போது எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே ஆயுளை இடுங்கள். விலையை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

ஒரிஜினல் அல்லாத அடிப்பகுதிச் செட் வாங்குவதானால் மட்டும் ஆயுளையும் மாற்ற வேண்டும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில தொகைகளை எடுப்போம்: 30 இலட்சம் ரூபாய் செட் ஒன்று 5,000 மணித்தியாலம் உழைத்தால் மணித்தியாலத்துக்கு 600 ரூபாய், 20 இலட்சம் ரூபாய் செட் 3,000 மணித்தியாலத்தில் தேய்ந்துவிட்டால் ஏறத்தாழ 667 ரூபாய். கழற்றிப் பூட்டும் கூலியும் வேலை நிற்கும் நாட்களும் சேர்ந்தால் இடைவெளி மேலும் விரியும். 20 தொன் வகுப்பில் பல நிறுவனங்களின் செயின்கள் ஏறத்தாழ 190 மில்லிமீற்றர் இணைப்பு இடைவெளி கொண்டவை என்பதால், வேறு தயாரிப்பாளர்களின் நல்ல தரமான செட்டுகளும் சந்தையில் கிடைக்கின்றன. இது வாங்குபவருக்குச் சாதகமான நிலை.

நான்காம் படி: பெயர்ப் பலகைக்குள் இருக்கும் எஞ்சினையும் பம்பையும் அறிதல்

ஒரு பெக்கோவின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் எஞ்சினும் ஹைட்ரோலிக் பம்பும் வேறு நிறுவனங்களுடையதாக இருக்கலாம். நீண்டகாலச் செலவை இது மிகவும் மாற்றுகிறது. ஹிட்டாச்சி இசட்எக்ஸ் 200-3இல் இருப்பது இசுசு 4எச்கே1 எஞ்சின். கொபெல்கோ எஸ்கே 200-8இல் ஹினோ ஜே05. ஹுண்டாய் ஆர் 210இன் பல மொடல்களில் கம்மின்ஸ். கேட்டர்பில்லரும் கொமட்சுவும் தங்கள் பெயரிலேயே எஞ்சின்களை வைத்திருக்கின்றன. எனினும் பிசி 200-8இன் எஞ்சின் கம்மின்ஸுடன் இணைந்து உருவாக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது.

இசுசு, ஹினோ லொறிகள் நம் வீதிகளில் நாளும் ஓடுவதால், அந்த எஞ்சின்களின் வேலை தெரிந்த மெக்கானிக்கைத் திருகோணமலையிலேயே தேடிப் பிடிப்பது எளிது. எல்லா உறுப்புகளும் லொறியுடையவற்றுடன் பொருந்தும் என்று இதற்குப் பொருளில்லை. உறுப்பு இலக்கத்தைச் சரிபார்த்த பின்னரே வாங்க வேண்டும். பம்பிலும் இதே நிலைதான். கவசாகி நிறுவனத்தின் கே3வி வரிசைப் பம்புகள் பல நிறுவனங்களின் 20 தொன் இயந்திரங்களில் பூட்டப்பட்டுள்ளதால், அவற்றின் சீல் கிட், பிஸ்டன், வால்வ் தட்டு முதலியவை பரவலாகக் கிடைக்கின்றன. விற்பனையாளரிடம் எஞ்சின் மொடலையும் பம்ப் மொடலையும் எழுத்தில் கேளுங்கள். அதைத் தரத் தயங்கும் இடத்தில் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

ஜப்பானிலிருந்து வரும் பழைய இயந்திரமானால் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே 2011ஐ ஒட்டி இறுகிய புகை விதிகளுக்குப் பின் வந்த பல மொடல்களில், புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் உண்டு. கந்தகம் மிகக் குறைந்த டீசலை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட அந்த அமைப்பு, சாதாரண டீசலில் ஓடும்போது அடைபட்டுத் தொல்லை தரும். எந்த டீசல் ஊற்றுவீர்கள் என்பதை முடிவுசெய்துகொண்டே மொடலைத் தெரிவுசெய்யுங்கள்.

ஐந்தாம் படி: பத்து உறுப்புகளுக்கு மூன்று விலை

எஞ்சின் ஓயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹைட்ரோலிக் ஃபில்டர், பக்கெட் பற்கள், பக்கெட் பின்னும் புஷ்ஷும், பூம் சிலிண்டர் சீல் கிட், ஃபைனல் டிரைவ் (செயினைச் சுழற்றும் கியர் பகுதி) சீல், இன்ஜெக்டர், ஓல்டர்னேட்டர், பிரதான கொன்ட்ரோலர் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி). இந்தப் பத்துக்கும், ஒவ்வொரு மொடலுக்கும், கொழும்பு முகவரின் ஒரிஜினல் விலை, கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வேறு தயாரிப்பின் விலை, கழற்றி விற்கப்படும் பழைய உறுப்பின் விலை என மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விலையுடன், "கையிருப்பில் உண்டா, இல்லையென்றால் எத்தனை நாள்?" என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரம் நிற்கும் இயந்திரங்களில் உப்புக்காற்று வயர் இணைப்புகளை அரிப்பதால், மின்னுறுப்புகளின் விலையை இங்கே அலட்சியம் செய்யக்கூடாது.

உறுப்புகள் இறக்குமதியாவதால் டொலரின் விலையும் இந்தக் கணக்கில் வரும். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தாண்டியது. ஆகவே இன்றைய விலையில் ஒரு கணக்கும், உறுப்பு விலை ஒன்றரை மடங்கானால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குமாக இரண்டு போடுங்கள். இரண்டாவது கணக்கில் எந்த இயந்திரம் அதிகம் தடுமாறுகிறதோ, அது சிறு முதலாளிக்கு ஏற்றதல்ல.

ஆறாம் படி: நின்றுபோகும் நாட்களின் செலவு

கொழும்பு இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். முகவரின் மெக்கானிக் வருவதற்குப் பயணக் கட்டணம் உண்டா, எத்தனை நாளில் வருவார் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள். டீசலும் பிற நேரடிச் செலவும் போக மணித்தியாலத்துக்கு 4,000 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், ஓர் உறுப்புக்காக 12 நாள், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் நிற்கும் இயந்திரம் 3,84,000 ரூபாயை இழக்கச் செய்கிறது. அந்த நாட்களிலும் லீசிங் தவணை நிற்காது. புதிய சீன இயந்திரங்களின் வாங்கும் விலை குறைவாக இருப்பது உண்மைதான். அவற்றின் உறுப்பு கொழும்பில் கையிருப்பில் இருந்தால் அது இலாபம். இல்லையென்றால் மிச்சம் பிடித்த பணம் இந்த வரியிலேயே கரைந்துவிடும்.

ஏழாம் படி: பெரிய திருத்தங்கள், மறுவிற்பனை, கூட்டுத்தொகை

ஹைட்ரோலிக் பம்ப், ஃபைனல் டிரைவ், மேற்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டர், எஞ்சின் ஓவர்ஹோல் ஆகியவற்றுள் எவை 10,000 மணித்தியாலத்துக்குள் வரக்கூடும் என்பதை, அதே மொடலை நெடுநாள் வைத்திருக்கும் உரிமையாளர் இருவரிடமாவது கேளுங்கள். விற்பவரின் சொல்லைவிட அவர்களின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பழைய இயந்திரமானால், ஓடிய மணித்தியாலத்தைக் காட்டும் மணிமீற்றரை மட்டும் நம்பாமல், பெடல்களின் தேய்வு, பின்களின் ஆட்டம், செயினின் நிலை ஆகியவற்றையும் பாருங்கள். இயந்திரம் ஓடிய விபரங்களைத் தூரத்திலிருந்தே பதிவுசெய்யும் கொமட்சுவின் கொம்ட்ராக்ஸ் போன்ற தொலைப்பதிவு உள்ள இயந்திரமானால், அந்தப் பதிவைக் காட்டும்படி கேளுங்கள்.

இரண்டாம் படி முதல் இதுவரை எழுதிய தொகைகள் அனைத்தையும் கூட்டி, வாங்கும் விலைக்கும் 10,000 மணித்தியாலத்துக்குப் பின் விற்கக்கூடிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்து, 10,000ஆல் வகுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மணித்தியாலச் செலவு கையில் நிற்கும். இரண்டு நிறுவனங்களுக்கிடையில் வித்தியாசம் பத்து வீதத்துக்குக் குறைவாக இருந்தால், உறுப்பு விரைவாகக் கிடைப்பதையே நான் தெரிவுசெய்வேன்; ஏனெனில் கணக்கில் நாம் இட்டவை பெரும்பாலும் மதிப்பீடுகள்.

எட்டாம் படி: வாங்கிய பின்

அதே கொப்பியை இயந்திரத்துடன் வைத்து, மாற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் திகதி, மணிமீற்றர் இலக்கம், விலை, நின்ற நாட்கள் ஆகிய நான்கையும் ஓப்பரேட்டரைக் கொண்டே எழுதுவியுங்கள். 1,000 மணித்தியாலத்துக்கு ஒருமுறை செயின், ரோலர், புஷ் ஆகியவற்றின் தேய்வை அளந்து, மதிப்பீட்டில் இட்ட ஆயுளை உண்மையான ஆயுளாகத் திருத்துங்கள். அடுத்த இயந்திரத்துக்கு விலை பேசும்போது, மூன்றாம் படியில் இடவேண்டிய இலக்கத்தை அந்தக் கொப்பியிலிருந்தே எடுக்கலாம்.