ஈப்பர் போர் நினைவிடங்களுக்குச் சைக்கிளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்கோட்டும் மாற்று டியூபும் எடுத்துவைக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சுற்றி முதல் உலகப்போர் நினைவிடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

தவறான சுவரில் பெயர் தேடுவது

புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதையே செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி வந்தவர், ஈப்பரில் நினைவுச்சின்னமாக நிற்கும் மெனின் வாயிலில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்புகிறார். அந்தப் பெயரோ 9 கி.மீ. தள்ளி, டைன் காட் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் இருக்கும். உடல் கிடைக்காத பிரித்தானிய வீரர்களில் 1917 ஆகஸ்ட் 15 வரை இறந்தவர்களுக்கு மெனின் வாயில். மறுநாள் முதல் இறந்தவர்களுக்கு டைன் காட். ஒரே நாள் வித்தியாசத்தில் இடமே மாறிவிடுகிறது.

இந்திய வீரர்கள் சிலரின் பெயர்கள் மெனின் வாயிலில் உண்டு. ஆனால் 4,700-க்கும் மேற்பட்டவை பிரான்ஸின் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில்தான் இருக்கின்றன. அது தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ.; போய்வர ஒரு முழுநாளை ஒதுக்குங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடி, படைப்பிரிவு, பதவி, இறந்த தேதி, கற்பலகை எண் நான்கையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மெனின் வாயிலில் முதலில் படைப்பிரிவு, அடுத்து பதவி, அதற்குள்தான் அகரவரிசை. வெறும் பெயரோடு போனால் பொழுது சாய்ந்துவிடும்.

கல் பாவிய தெருவில் கல்லாக இறுகிய டயர்

காற்றை முழுக்க அடித்தால் ஈரக் கல்லில் வழுக்கும். அதிகம் இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். 32 மி.மீ. டயர், பைச்சுமை, 75 கிலோ ஆள் என்றால் பின்னால் 60, முன்னால் 50 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்குங்கள். அதிர்வில் கேரியர் திருகுகள் கழன்றுவரும். 4 மி.மீ. ஆலன் சாவியால் தினமும் காலையில் முறுக்கிப் பாருங்கள்.

லாஸ்ட் போஸ்ட்டுக்குத் தாமதமாக வருவது

இறந்த வீரர்களுக்காக எக்காளம் ஊதும் இந்த அஞ்சலி மெனின் வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு. 7.15-க்கே நில்லுங்கள். சைக்கிளை வெளியே பூட்டுங்கள். கைதட்டாதீர்கள்.

வயலோரத்தில் கிடக்கும் துருப்பிடித்த குண்டு

தொடாதீர்கள். நூறாண்டு கடந்தும் வெடிக்கும்; சிலவற்றுள் விஷவாயு இருக்கிறது.