கைச்சுழல் வானொலிக்கு மின்னேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, டெல்டா மாவட்டங்களின் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட நாட்களை எண்ணித்தான் பலரும் கைப்பிடியைச் சுற்றி இயக்கும் வானொலியை வாங்குகின்றனர். வாங்கியதும், கைப்பிடிதான் இருக்கிறதே என்ற தைரியத்தில், பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுகின்றனர். மற்ற எல்லாத் தவறுகளையும் விடப் பெரியது இதுதான்.

தொடக்ககால மாதிரிகளில் சுருள்வில் இருந்தது. முறுக்கிவிட்டால் அதன் விசையிலேயே வானொலி பாடும். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அப்படியல்ல. கைப்பிடி ஒரு சிறிய டைனமோவைச் சுழற்ற, அதில் பிறக்கும் மின்சாரம் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்குப் போகிறது. ஓராண்டு தொடாமல் கிடந்த பேட்டரியின் மின்னழுத்தம் வெகுவாக இறங்கிவிட்டால், அதன் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு எவ்வளவு சுற்றினாலும் அது உயிர்பெறாமல் போகலாம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்வரை ஏற்றி வைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் முழுமையாக நிரப்பிக்கொள்வது நல்லது.

சுற்றுவதிலும் அவசரம் கூடாது. நொடிக்கு இரண்டு சுற்று என்ற சீரான வேகம் போதும். வெறிபிடித்தாற்போல் சுற்றினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள்தான் தேயும். மின்னேறும்போது கைப்பிடி சற்றுக் கனமாகத் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் லேசாக ஓடினால், மின்சாரம் பேட்டரிக்குச் செல்லவில்லை என்று ஐயப்படலாம்.

செல்பேசியையும் இதிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்ற விளம்பரத்தை நம்பிப் பேட்டரியை வீணாக்க வேண்டாம். 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட செல்பேசியில் சுமார் 19 வாட் மணி ஆற்றல் அடங்கும். கைச்சுழற்சி தருவதோ இரண்டு மூன்று வாட். இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், முழுமையாக நிரப்ப எட்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்ற வேண்டியிருக்கும். அவசரமாக ஓர் அழைப்புக்கு உதவலாம், அவ்வளவே.

மேலே பதித்திருக்கும் சூரியத் தகடு உள்ளங்கை அளவுகூட இராது. அதை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பயன் இன்னும் குறையும். புயல் மேகத்தில் கேட்கவே வேண்டாம். அதற்காகக் கோடை வெயிலில் மொட்டைமாடியில் நாள் முழுதும் கிடத்துவதும் பிழை: 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரிக்கு மின்னேற்றினால் அதன் ஆயுள் குறையும்.

சில மாதிரிகளில் ட்ரிபிள் ஏ செல்களும் போடலாம். அவற்றை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து, தொடுமுனைகளில் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் கசிவு இன்னும் விரைவில் வரும். செல்களைத் தனியே உறையில் வையுங்கள். மின்மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். செல் பக்கம் நிற்கும்போது, சுற்றி ஏற்றிய மின்சாரம் பேட்டரியில் இருந்தும் வானொலி ஊமையாகவே இருக்கும்.

கடைசியாக, கேபிள். டைப்-சி துளை உள்ள மலிவான வானொலிகள் பல, இருமுனையும் டைப்-சி ஆன கேபிளில் மின்னேறுவதில்லை. ஒரு முனை பழைய அகன்ற யூஎஸ்பி ஆக உள்ள கேபிளும் சாதாரண 5 வோல்ட் சார்ஜரும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.