வாரிசு வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆகாமலிருக்க

கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் 2014-இல் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார், 2019-இல் எச். வசந்தகுமார், அவர் மறைந்தபின் 2021 இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த். அப்பா பேர் ஓட்டு வாங்கித் தரலாம்; மனுவைக் காப்பாற்றாது.

மக்களவைக்கான வேட்பு மனுவான படிவம் 2ஏ-வை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் காலை 11 முதல் பிற்பகல் 3 மணிக்குள் கொடுக்க வேண்டும். டெபாசிட் 25,000 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் முன்மொழிய ஒருவர், சுயேச்சைக்குப் பத்துப் பேர். எல்லோரும் இதே தொகுதி வாக்காளர்கள். நாலு செட் வரை அனுமதி. நாலும் கொடுங்கள், ஒன்றில் பிழை வந்தாலும் மற்றது நிற்கும்.

வாரிசுகள் சறுக்குவது, சொத்து விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில்தான். அசையாச் சொத்து ஒவ்வொன்றும் வழிவழியாக வந்ததா என்று தனிக் கட்டம் இருக்கிறது. பட்டா இன்னும் அப்பா பேரில் கிடக்கும் ரப்பர் தோட்டத்தில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். கட்டம் எதையும் காலியாக விடாதீர்கள். 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதுங்கள். விட்டுப்போனதைத் திருத்திய புதுப் பத்திரம், மனுக்களை அதிகாரி சரிபார்க்கும் பரிசீலனை தொடங்கும் முன் போய்ச் சேர வேண்டும்.

ஓட்டு சென்னையில் இருந்தால் அந்த வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் கட்டாயம். நீங்கள்தான் கட்சி வேட்பாளர் என்று காட்டும் ஏ, பி படிவங்களில் மையால் போட்ட கையெழுத்து வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. செலவுக்கான வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தின நாளாவது தொடங்கிவிடுங்கள். மனு கொடுத்த கையோடு உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள், பரிசீலனை நாளன்று எடுத்தால் செல்லாது.