நாவல் கொட்டையைக் காயவைக்காதீர்கள்: மர விதை முளைக்கப் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஆடிக் கடைசியில் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஏரிக்கரையில் மரம் வைக்க வேண்டும் என்று ஆசை. கையில் ஒரு சாக்கு நிறைய நாவல் கொட்டை. பத்து நாள் மொட்டைமாடி வெயிலில் போட்டு, கல் மாதிரி காயவைத்திருந்தார்கள். "ஐப்பசி மழைக்கு விதைக்கலாம்னு பத்திரமா காயவெச்சிருக்கோம், அண்ணா" என்றான் ஒருவன். சாக்கைத் திறந்து பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. 18 வருடத்துக்கு முன் நானும் அதையேதான் செய்தேன்.

தண்ணீர் ஊற்ற மறப்பது, ஆட்டுக்கு வேலி போடாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை பட்டால் யாருக்கும் புரிந்துவிடும். பட்ட பிறகும் காரணம் புரியாமல் போகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லா விதையையும் நெல்லாக நினைப்பது

நமக்கு விதை என்றாலே நெல்தான். விதைநெல்லைக் காயவைத்து வைக்கோலில் கோட்டை கட்டி வைத்த ஊர் நம் ஊர். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்த பாட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அதை அப்படியே நாவலுக்கும் இலுப்பைக்கும் பலாவுக்கும் கொண்டுபோவதுதான் பிழை.

நெல்மணி முற்றும்போதே உலர்வதற்குத் தயாராகிவிடுகிறது. உள்ளிருக்கும் கரு தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு, சர்க்கரைகளையும் சில காப்புப் புரதங்களையும் செல்லுக்குள் சேர்க்கிறது. தண்ணீர் வற்றும்போது இவை கண்ணாடி போல் இறுகி, செல்லின் சவ்வுகள் சிதையாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் அது மாதக்கணக்கில் தூங்க முடிகிறது. நாவல் கொட்டையில் இந்த ஏற்பாடு நடப்பதே இல்லை. பழத்தோடு கீழே விழும்போதே அது ஈரமாக, மூச்சு விட்டுக்கொண்டு, முளைக்கக் காத்திருக்கிறது. அதை வெயிலில் பரப்புவது, மண்ணிலிருந்து பிடுங்கிய நாற்றை வெயிலில் பரப்புவது போலத்தான்.

விதைகளில் இப்படி இரண்டு சாதி உண்டு என்று 1973இல் ராபர்ட்ஸ் என்ற விதை ஆய்வாளர் பிரித்துக் காட்டினார். உலர்த்தினால் நெடுநாள் தாங்குவது ஒன்று, உலர்த்தினால் சாவது மற்றொன்று. வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் உலர்வதைத் தாங்கும், ஆனால் சாதாரணமாக டப்பாவில் போட்டு வைத்தால் சில வாரங்களிலேயே முளைப்பு சரிந்துவிடும்.

எது எந்தச் சாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது பழம் விழும் மாதத்தை. நாவல், இலுப்பை, வேம்பு எல்லாம் ஆனி, ஆடியை ஒட்டிப் பழுத்து விழுகின்றன. மழைக்காலம் தொடங்கும் நேரம். விழுந்ததும் முளைக்க ஈரம் கிடைக்கும் என்றால், விதை எதற்காகக் காத்திருக்க வேண்டும்? புளியும் வாகையும் காய்ந்த மாதங்களில் நெற்று உதிர்ப்பவை. அவற்றின் விதைகள் மழை வரும்வரை கெட்டியான ஓட்டுக்குள் காத்திருந்தே ஆக வேண்டும். நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி இல்லை இது. ஆனால் ஒரு மரத்தடியில் நின்று யோசிக்க நல்ல தொடக்கம்.

எனக்கு இது தெரியாத காலத்தில் இலுப்பை விதை சேர்த்தேன். எங்கள் பக்கத்தில் பழைய இலுப்பை மரங்கள் மிஞ்சியிருப்பது கோயில் நிலங்களில்தான். விளக்குக்கு எண்ணெய் வேண்டும் என்று ஒரு காலத்தில் வளர்த்த மரங்கள். பத்து நாள் விடியற்காலையில் போய்ப் பொறுக்கினேன். கழுவினேன், காயவைத்தேன், வேப்பிலை போட்டுத் தகர டின்னில் அடைத்தேன். ஐப்பசியில் 600 பைகளில் மண் நிரப்பி விதைத்தேன். முளைத்தவை 11. மண் சரியில்லை என்று நினைத்து மண்ணை மாற்றினேன். விதை அப்போதே செத்துப்போயிருந்தது என்பது தோன்றவே இல்லை. இலுப்பை வருடத்துக்கு ஒரு முறைதான் பழுக்கும். ஆக, போனது விதை மட்டும் இல்லை, ஒரு முழு வருடம். அடுத்த வருடமும் அதையே செய்தேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. காய்ந்தது போதவில்லை என்று முடிவு செய்து, இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்தேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழம் கிடைத்த அன்றே சதையைக் கழுவி எடுங்கள், இல்லாவிட்டால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். மேல் ஈரம் போகும்வரை நிழலில் வையுங்கள். அன்றோ மறுநாளோ மணல் பாத்தியில் போட்டுவிடுங்கள். வெளியூருக்கு அனுப்புவதானால் லேசாக ஈரமாக்கிய தென்னை நார்க்கழிவில் கலந்து துணிப்பையில் கட்டுங்கள். காற்றுப் போகாத பாலித்தீனில் அடைத்தால் மூச்சு முட்டிச் சாகும். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெப்பநாட்டு ஈர விதைகளுக்குக் குளிர் ஆகாது. ஐப்பசியில் நட வேண்டும் என்றால் ஆடியிலேயே விதைத்து, மூன்று மாதக் கன்றாகக் கொண்டுபோங்கள். காத்திருக்க வேண்டியது கன்று, விதை இல்லை.

வேப்பங்கொட்டையில் சந்தேகம் இருந்தால் ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளித்தோ பழுப்பாகவோ இருந்தால் நம்ப வேண்டாம்.

இதைச் சொன்னால் உடனே யாராவது, "இரண்டாயிரம் வருடப் பேரீச்சை விதையே முளைத்திருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். மசாடா கோட்டையில் கிடைத்த பேரீச்சை விதையை 2005இல் இஸ்ரேலில் முளைக்க வைத்தார்கள். பேரீச்சை உலர்ந்து தூங்கும் சாதி, அது கிடந்ததோ பாலைவனம். நாவலுக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

அந்தப் பிள்ளைகளின் சாக்கை ஓரமாக வைத்துவிட்டு, சந்தையில் நாவற்பழம் விற்கும் அம்மாவிடம் இரண்டு கிலோ வாங்கினோம். எல்லோரும் உட்கார்ந்து தின்றோம், கொட்டையை அன்று மாலையே மணலில் போட்டோம். இரண்டு வாரத்தில் முளை வெளியே தெரிந்தது. சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பக்கத்திலேயே போட்டிருந்தோம், அதில் ஒன்றும் வரவில்லை.

ஒரே கொட்டையில் இரண்டு முளை வந்தால் பிடுங்கி எறிவது

எறியாதீர்கள். நாவலிலும் சில மா வகைகளிலும் ஒரே விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். அவற்றில் சில, மகரந்தம் சேர்ந்து உண்டானவை அல்ல. தாய்மரத்தின் திசுவிலிருந்தே கிளம்பி அதன் நகலாக வளர்பவை. வேர் அறாமல் மெதுவாகப் பிரித்துத் தனித்தனிப் பையில் வையுங்கள்.

கொன்றை விதையை அடுப்பில் வேகவைப்பது

சரக்கொன்றை, வாகை, மஞ்சாடி விதைகளின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. தட்டார்கள் மஞ்சாடியையும் குன்றிமணியையும் எடைக்கு வைத்ததற்கு இந்தக் கெட்டித் தோலும் உதவியது. ஈரம் ஏறாத விதையின் எடை எளிதில் மாறாது. அந்தத் தோலில் ஒரு வழி திறந்தால் போதும். சிலர் விதையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிட்டு, கருவையும் சேர்த்து வேகவைத்துவிடுகிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, அப்படியே ஆறவிட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பருத்திருப்பவற்றை மட்டும் விதையுங்கள், மற்றவற்றுக்கு இன்னொரு முறை. கொஞ்சம் விதைதான் என்றால் உப்புத்தாளிலோ சிமென்ட் தரையிலோ ஓரத்தில் தேய்ப்பதே எனக்குப் பிடித்த வழி. காம்புத் தழும்பு இருக்கும் பக்கத்தைத் தேய்க்க வேண்டாம், கருவேர் அங்கேதான் இருக்கிறது.

மிதப்பதையெல்லாம் பொக்கு என்று கொட்டுவது

நெல்லுக்குச் சரி. புன்னைக் காய் கடலிலேயே மிதந்து கரை சேர்ந்து முளைப்பது.

ஆழமாகப் புதைப்பது

விதையின் பருமனைப் போல் இரண்டு மடங்கு மண் போதும்.

தோண்டிப் பார்ப்பது

வேண்டாம். கருவேர் நுனி ஒடிந்தால் முடிந்தது.

பார்க்க ஆசையாக இருந்தால் (ஆசை வரத்தான் வேண்டும்) ஒரு கண்ணாடி டம்ளரின் உட்பக்கம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஊறவைத்த புளியங்கொட்டையைச் செருகுங்கள். முதலில் வெளியே வருவது வேர்தான். அது ஓர் அங்குலம் வளர்ந்ததும் டம்ளரைப் படுக்கவையுங்கள். மறுநாள் வேர் நுனி வளைந்து மறுபடி கீழே பார்க்கும். நுனியில் உள்ள சில செல்களுக்குள் மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன. டம்ளரைத் திருப்பியதும் அவை சரிந்து புதிய அடிப்பக்கத்தில் போய்ப் படிகின்றன, வேர் அதை வைத்துத்தான் கீழ் எது என்று அறிகிறது. இதை முதல் முறை பார்த்த அன்று நான் டம்ளரை நான்கு முறை திருப்பித் திருப்பி வைத்தேன்.

பையிலேயே வைத்திருப்பது

மேலே நான்கு இலை இருக்கும்போதே ஆணிவேர் பையின் அடியைத் தொட்டிருக்கும். அப்புறம் அது வட்டம் போடத் தொடங்கும். அப்படிச் சுருண்ட கன்றை நட்டாலும் வளரும், தழைக்கும். பல வருடம் கழித்துப் பெருங்காற்றில் சாயும்போதுதான் அடியில் சுருள் தெரியும். பையைக் கிழிக்கும்போது சுருண்ட வேரைக் கத்தரித்துவிட்டு நடுங்கள்.

பனங்கொட்டை முளைக்கவில்லை என்று கைவிடுவது

பனையின் முளை மேலே வராது, மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும். கொட்டைக்குள்ளிருந்து ஒரு குழல் நீண்டு கருவை ஆழத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே பருப்பதுதான் நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு. கொட்டைக்குள் ஊறிய உணவை உறிஞ்சி அனுப்பும் பஞ்சு போன்ற பகுதியைச் சில ஊர்களில் தவுண் என்றும் சில ஊர்களில் பூரான் என்றும் தின்கிறோம். இதைப் பையில் போடவே கூடாது, நேராக நிலத்தில்தான். முதல் இலை தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை யாரும் அந்த இடத்தைக் கொத்திவிடாமல் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள்.