பதிவில் விடுபட்ட ஒரு வருடச் சம்பளம்

லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நாள்பட்ட நோய்) முற்றி வேலையை விட்ட பிறகு, அமெரிக்காவில் எஸ்எஸ்டிஐ என்ற, வேலை பார்த்தவர்களுக்கான அரசு இயலாமைக் காப்பீட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். நோயைப் பற்றிய பேச்சே வரவில்லை. சம்பாதித்த தொகைக்கு ஏற்பச் சேரும் வேலை கிரெடிட் போதாது என்று நிராகரித்துவிட்டார்கள்.

31 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக, இயலாமை தொடங்குவதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் 20 கிரெடிட் இருக்க வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 4. 2025-இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,810 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும்.

இந்த உதவித்தொகையை வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி துறையின் தளத்தில் என் சம்பளப் பதிவை வருடம் வருடமாகப் பார்த்தேன். முழு ஆண்டும் உழைத்த ஒரு வருடத்துக்கு நேரே பூஜ்ஜியம்! நிறுவனம் தந்த பழைய டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தைத் தேடியெடுத்தேன். அதில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இருப்பதற்கு நேர்மாறு. நம்மவர்கள் பலருக்கு இந்தச் சிக்கல் வரும். சம்பளப் பதிவைத் திருத்தக் கோரும் எஸ்எஸ்ஏ-7008 படிவத்துடன் டபிள்யூ-2 நகலை அனுப்பினேன். 4 கிரெடிட் சேர்ந்தது.

நாள்பட்ட நோயாளிகளை அதிகம் வதைப்பது இன்னொரு விதி. தொடர்ந்து வேலை பார்த்தவருக்கும், வேலையை நிறுத்திய சுமார் 5 ஆண்டுகளில் இந்தக் காப்பீட்டுத் தகுதி முடிந்துவிடும். அந்தத் தேதிக்கு முன்பே இயலாமை தொடங்கியதை மருத்துவப் பதிவுகள் காட்ட வேண்டும். 'களைப்பு' என்று மட்டும் எழுதிய குறிப்பு உதவாது. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, விரல்கள் தட்டச்சுக்கு வளைகின்றனவா என்பதைத் தேதியோடு எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்கினேன். மறு விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

கிரெடிட்டே இல்லாதவர்களுக்கு எஸ்எஸ்ஐ என்ற வேறொரு அரசு உதவித்தொகை உண்டு. வேலை வரலாறு தேவையில்லை; ஆனால் வருமானத்துக்கும் சொத்துக்கும் கடும் வரம்பு.