பாப் ஸ்மியர் ஸ்லைடு: லேபுக்குப் புதிதாக வந்தவர்கள் படிக்கும் முறை

பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாயிலிருந்து தடவி எடுத்த செல்களில் புற்றுநோயோ அதன் முன்நிலையோ இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ அந்த ஸ்லைடு ஒன்று தர்மபுரி லேபுக்கு வந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்துவிடாதீர்கள். முதலில் ஸ்லைடில் உள்ள எண்ணும் படிவமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வயது, கடைசி மாதவிடாய் தேதி, காப்பர் டி விவரம் இல்லையென்றால் ஃபோன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். மாதவிடாய் நின்றவரின் பாராபேசல் செல்கள் (முதிராத சிறு செல்கள்) வயது தெரியாதவரைப் பயமுறுத்திவிடும்.

அடுத்து, ஸ்லைடு தேறுமா? 10எக்ஸில் பாருங்கள். சாதாரண ஸ்மியரில் தெளிவாகத் தெரியும் ஸ்குவாமஸ் செல்கள் (தட்டையான மேற்புறச் செல்கள்) 8,000 முதல் 12,000 வரையாவது வேண்டும். செல்களைத் திரவத்தில் சேகரிக்கும் திரவ முறையில் 5,000. எண்ண வேண்டாம், மதிப்பிட்டால் போதும். ரத்தமோ சீழ்செல்லோ 75 சதவீதத்துக்கு மேல் மறைத்தால் 'போதாது'. ஆனால் சந்தேகமான செல் ஒன்று தென்பட்டாலும் அந்தச் சொல்லை எழுதக் கூடாது.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை: ஆல்கஹாலில் போடுமுன்பே ஸ்மியர் காய்ந்துவிடும். காய்ந்த செல்லின் நியூக்ளியஸ் உப்பி வெளிறி, இல்லாத நோயைக் காட்டும். தடவிய கையோடு 95 சதவீத எத்தில் ஆல்கஹாலில் போடச் சொல்லி, ஸ்மியர் எடுக்கும் சிஸ்டரிடம் பேசி வையுங்கள்.

இனி ஸ்க்ரீனிங். ஏர் சால் போல ஒரு மூலையில் தொடங்கி, ஒரு ஃபீல்டின் ஓரம் அடுத்ததிலும் விழும்படி முழுவதும் ஓட்டுங்கள். சந்தேகம் வந்தால் 40எக்ஸ். அளவுகோல் ஸ்லைடிலேயே இருக்கிறது: இன்டர்மீடியட் (நடு அடுக்கு) செல்லின் நியூக்ளியஸ். பரப்பில் அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்து, லேசாகக் கறுத்திருந்தால் ஆஸ்கஸ் (ASC-US), அதாவது இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம். மூன்று மடங்கைத் தாண்டி, விளிம்பும் கோணலாக இருந்தால் எல்சில் (LSIL), அதாவது தீவிரம் குறைந்த மாற்றம். அப்படி மாறிய நியூக்ளியஸைச் சுற்றி வெட்டிவைத்தாற்போல் வெளிர் வளையமும் இருந்தால் அது கொய்லோசைட், ஹெச்பிவி வைரஸ் தொற்றிய செல்.

புதியவர்கள் பெரிய செல்லையே தேடுவார்கள். நான் அஞ்சுவது சிறிய செல்லுக்கு. ஹெச்சிலில் (HSIL), அதாவது தீவிரமான முன்நிலையில், செல்லே சிறுத்துவிடும். சைட்டோபிளாசம் கொஞ்சமே மிஞ்சும். கறுத்த நியூக்ளியஸின் சவ்வு மடிந்தும் பள்ளம் விழுந்தும் கிடக்கும். சளிக்கோடுகளுக்குள் ஒவ்வொன்றாக ஒளிந்திருக்கும், அவசரக் கண்ணுக்குச் சிக்காது.

அறிக்கை, பாப் ஸ்மியர் முடிவுகளை எழுதுவதற்கான 2014 பெதஸ்டா முறைப்படி: ஸ்லைடு தேறியதா என்பது முதல் வரி, பிறகு முடிவு. புற்றுநோயோ அதன் முன்நிலையோ தென்படாவிட்டால் நில்ம் (NILM). ட்ரைகோமோனாஸ், கேன்டிடா போன்ற தொற்றுக்கிருமிகளைக் கண்டால் அதன் கீழேயே எழுதலாம். 45 வயதோ அதற்கு மேலோ ஆனவரிடம் எண்டோமெட்ரியல் செல் (கருப்பையின் உள்சவ்வுச் செல்) தெரிந்தால் குறிப்பிட வேண்டும். 'புற்றுநோய் மாதிரி' போன்ற வழவழா சொற்கள் வேண்டாம்.

சந்தேகமான இடத்தில் மைப்புள்ளி வைத்து, பழைய அறிக்கை இருந்தால் அதையும் சேர்த்து, நோயியல் மருத்துவரிடம் கொடுங்கள். கையெழுத்து அவருடையது.