நீங்கள் வீட்டில் இல்லாதபோது அவசரம் வந்தால்?

உடம்புக்கு முடியாதவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களில் பலருக்கு எல்லா விவரமும் மனப்பாடம். சிக்கலே அதுதான், வேறு யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் திடீரென முடியாமல் போன அன்று நான் வெளியே இருந்தேன். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் கேட்க, தம்பி மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டான். அதில் பாதி, டாக்டர் எப்போதோ நிறுத்தச் சொன்னவை.

படி 1: ஒரே ஒரு தாள்

பெயர், வயது, நோய்கள், ஒவ்வாமை, இப்போதைய மருந்துகள், அளவு, நேரம், டாக்டரின் எண். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தும் இன்சுலினும் இருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். மேலே தேதி போடுங்கள். மருந்து மாறியதும் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். ஒரு பிரதி கதவருகே, இன்னொன்று எல்லோர் செல்போனிலும் படமாக.

படி 2: வீட்டில் எல்லோருக்கும் இந்த மூன்றைச் சொல்லிக்கொடுங்கள்

பக்கவாதம்: சிரிக்கச் சொன்னால் வாய் கோணும், தூக்கிய கைகளில் ஒன்று இறங்கும், பேச்சு குழறும். இதில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். டாக்டர்கள் அந்த நேரத்திலிருந்துதான் கணக்குப் பார்ப்பார்கள். தண்ணீர்கூடத் தராதீர்கள், புரையேறிவிடும்.

ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே இறங்கினால்: நல்ல நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ்தான்.

வலிப்பு: அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, இதுதான் முதல் வலிப்பு என்றாலோ ஆம்புலன்ஸ்.

படி 3: மின்சாரம் போனால்

புயல், வெள்ளம் என்றதும் உணவைத்தான் நினைப்போம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவியில் (ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்) இருப்பவருக்கு மின்சாரம்தான் மூச்சு. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் வேண்டும், அது எவ்வளவு நேரம் வரும் என்பதும் தெரிய வேண்டும். 680 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 340 நிமிடம். அதாவது 5 மணி 40 நிமிடம்தான். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையும் அமுங்கிவிடும், அதனால் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். ஃப்ரிட்ஜ் நின்றுபோனாலும் இன்சுலினைப் பனிக்கட்டியில் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோனால் அதைப் போடக் கூடாது.

படி 4: பையும் ஒத்திகையும்

ஒரு வாரத்துக்கான மருந்து, கண்ணாடி, காதுக் கருவிக்கு பேட்டரி, டயப்பர், அந்தத் தாள். பை அவ்வளவுதான்.

அப்புறம், ஒரு நாள் அவரை உண்மையிலேயே வாசல்வரை கொண்டுபோய்ப் பாருங்கள். நாங்கள் செய்தபோது சக்கர நாற்காலி கதவுக்குள் நுழையவே இல்லை. கடைசியில் அப்பாவைக் கெட்டியான போர்வையில் படுக்க வைத்து, தலைப்பக்கம் பிடித்து மெதுவாக இழுத்தோம். வாசலுக்கு வந்ததும், “இன்னொரு தடவை இழுங்கடா” என்றார்.